வலி: நோ

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால், புதுக் குடியிருப்புகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் நிற்கும். வாசலில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு கடைவாய்ப்பல். அதன் நெற்றியில் 'பிடுங்க மாட்டோம், காப்பாற்றுவோம்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். கட்டடத்தின் முழுப் பெயர் முன்மாதிரிப் பல் வேர் நலம் மற்றும் நோயாளர் புரிதல் மையம். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் பல்லில் நோவு கொஞ்சம் கம்மியாக இருக்க வேண்டும்.

மாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஆராயி அந்தச் சிமெண்டுப் பல்லுக்குக் கீழே வந்து நின்றாள். வலது கன்னம் வீங்கியிருந்தது. முந்தானையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பஸ் டிரைவரின் பரம்பரையை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

கீழ்பென்னாத்தூரில் ராஜேந்திரனின் மல்லாட்டை மண்டியில் ஆராயிக்கு வேலை, கடிப்பது. ஆமாம், கடிப்பதுதான். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். விவசாயி மூட்டையை அவிழ்த்ததும் அவள் கையை உள்ளே விட்டு நாலு காயை எடுப்பாள். உடைத்து, பருப்பை வலது கடைவாயில் வைத்து ஒரே கடி. டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. நசுங்கினால் இன்னும் ரெண்டு வெயில் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒற்றைப் பல் சொன்ன தீர்ப்பை விற்கிறவரும் தட்டியதில்லை, வாங்குகிறவரும் தட்டியதில்லை. இடது பக்கத்துப் பல்லுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. அது சோறு தின்னத்தான் லாயக்கு.

"பங்குனி கடைசியில மொத லோடு வந்துரும் ஆராயி" என்று ராஜேந்திரன் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள பல்ல சரி பண்ணிக்கோ. எதுக்கும் இருக்கட்டும்னு ஈரம் பாக்கற மிஷின் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். உன்னால முடியலன்னா அத வச்சு ஓட்டிக்கறேன்." அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். நல்ல மனசோடு சொல்கிறவர்களிடம் சண்டை போடவும் வழியில்லை. 

திருவண்ணாமலை டவுனில் ஒரு பல் டாக்டர் லைட்டடித்துப் பார்த்துவிட்டு, "வேர் சிகிச்சை பண்ணா காப்பாத்திடலாம். இங்க அதுக்கு வசதியில்ல, வேணும்னா எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். ஆராயி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "அப்ப வேங்கிக்கால் போங்க, அங்க இலவசம்" என்றார். அப்படித்தான் அவள் இங்கே வந்து சேர்ந்தாள். வேர்க்கடலையில் பிழைக்கிறவளுக்கு வேரிலேயே வந்து விடிந்தது கஷ்டகாலம்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு பெண் முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. பெயர் பல்லவி. மனிதர்கள் பதிவு செய்தால் மனிதத் தவறு வருகிறது என்று மையத்தின் இயக்குநர் அந்த மிஷினை வாங்கி வைத்திருந்தார்.

"வணக்கம். நான் பல்லவி. தமிழும் ஆங்கிலமும் அறிவேன். தங்கள் பெயர்?"

"ஆராயி."

"ஆராய்கிறேன். காத்திருக்கவும்" என்றது மிஷின். ரவ நேரம் ஆராய்ந்தது. பிறகு மறுபடியும், "தங்கள் பெயர்?" என்றது. நாலாவது தடவை ஆராய்ந்து முடித்த பிறகுதான் அது பெயர் என்று அதற்கு உறைத்தது.

"தங்களுக்கு வலி உள்ளதா?"

"நோவுது" என்றாள் ஆராயி. "ரொம்ப நோவுது."

"நோ. நன்றி" என்றது பல்லவி. கீழே ஒரு சீட்டு வந்து விழுந்தது.

ஆராயிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் எழுதவும் தெரியும். பெயர்: ஆராயி. வலி: நோ. பிரிவு: வலியற்றோர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் யாருக்கும் எதுவும் வலிக்காது. நோவும். தலை நோவும், கால் நோவும், பெற்ற பிள்ளை எதிர்த்துப் பேசினால் மனசு நோவும். அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே செத்துப்போன எத்தனையோ பேர் ஒருநாள்கூட 'வலி' என்ற சொல்லைத் தொட்டதில்லை. பல்லவியை எந்த ஊரில் செய்தார்களோ, அந்த ஊரில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆராயி சீட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். அங்கே ரேவதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் 'தகவல் தோழி' என்று பலகை இருந்தது.

"ஏம்மா, நான் நோவுதுன்னேன். இதுல நோ-னு போட்டிருக்குதே?"

ரேவதி சீட்டைப் பார்த்தாள், வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "ஐயோ பாவமே. எனக்குப் புரியுதுங்கம்மா. எங்கம்மாவும் நோவுதுன்னுதான் சொல்வாங்க. ஆனா சிஸ்டம்ல நோ-னு ஏறிடுச்சே."

"நீ ஒரு கோடு கிழிச்சு மாத்தி எழுதேன்."

"நான் எழுதினா அது மனிதத் தவறு ஆயிடும்ங்க. திருத்தம் பல்லவிகிட்டயேதான் சொல்லணும்."

ஆராயி திரும்பிப் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

"தங்கள் பதிவைத் திருத்த வேண்டுமா?" என்று கேட்டது பல்லவி.

"திருத்து தாயி, நோவுது!"

"நோ. நன்றி."

"அட உன் தலையில இடி விழ, நோவுதுன்றேன்!"

"நோ. நன்றி. நல்ல நாளாக அமையட்டும்."

வரிசையில் பின்னால் நின்றவர் இரக்கப்பட்டு, "வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா, அதுக்கு அதான் புரியும்" என்று எடுத்துக்கொடுத்தார். நியாயமான யோசனை. ஆனால் வீங்கிய தாடையை வைத்துக்கொண்டு ஆராயி அதைச் சொன்னபோது நாக்கு எசகுபிசகாகப் புரண்டுவிட்டது.

"வழி கேட்டுள்ளீர்கள்" என்றது பல்லவி. "கழிப்பறை இடது புறம் உள்ளது."

அந்த மையத்தில் ரெண்டு கதவுகள் இருந்தன. 'வலியுள்ளோர்' என்ற கதவைத் திறந்தால் நேராகச் சிகிச்சை நாற்காலி. 'வலியற்றோர்' என்ற கதவைத் திறந்தால் வகுப்பறை. வலியில்லாதவர்களுக்கு என்ன அவசரம், அவர்கள் முதலில் வேர் சிகிச்சையைப் புரிந்துகொள்ளட்டும் என்பது மையத்தின் கொள்கை. வாரம் ஒரு வகுப்பு. நாலு வகுப்பு முடித்துத் தேர்வு எழுதித் தேறினால் சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் காட்டினால்தான் நாற்காலி.

வகுப்பறையில் நாற்பது பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கத்துப் பஸ்களில் வந்தவர்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

இயக்குநர் டாக்டர் அறிவுச்செல்வன் உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் இளம் பெண் டாக்டர் ஒருத்தி ஒரு பெரிய பிளாஸ்டிக் பல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"அன்பார்ந்த நோயாளப் பெருமக்களே!" என்று ஆரம்பித்தார். "பல் என்பது வெளியே தெரிவது மட்டுமல்ல. உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரைக்கும் இறங்கினால் கூழ் கெட்டுச் சீழ் பிடிக்கும். நாங்கள் படம் எடுத்துப் பார்ப்போம். மரத்துப்போக ஊசி போடுவோம். பல்லின் தலையில் துளை போட்டு, கெட்டுப்போன கூழை ஊசி போன்ற மெல்லிய அரத்தால் சுரண்டி எடுத்து, கழுவி, ரப்பர் மாதிரியான ஒரு பொருளை வேர் வரைக்கும் அடைத்து, மேலே தொப்பி போட்டு மூடுவோம். சிலர் மட்டும் ரெண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். அதன்பிறகு பல் உங்களோடு பல காலம் இருக்கும். இவ்வளவுதான் வேர் சிகிச்சை."

ஆராயிக்கு உயிர் வந்தது. அட, நல்லாத்தானே சொல்றார் மனுஷன். எழுந்து நின்று, "புரிஞ்சிடுச்சுங்க சார். எப்ப பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

இயக்குநர் புன்னகை செய்தார். "இது முன்னுரை, அம்மா."

பிறகு உண்மையான உரையைத் தொடங்கினார். "சிகிச்சை செய்ய எந்த மருத்துவமனையாலும் முடியும். புரிய வைக்க நம்மால் மட்டுமே முடியும். சென்ற ஆண்டு இந்த மையத்தில் நாலாயிரம் பேர் வேர் சிகிச்சையைப் புரிந்துகொண்டார்கள். அவர்களில் முப்பத்தொரு பேருக்குச் சிகிச்சையும் நடந்திருக்கிறது என்பது கூடுதல் தகவல். பல்லவி வருவதற்கு முன் இங்கே வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வலி இருந்தது. இன்று நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் வலி. ஒரு மாத்திரை கொடுக்காமல், ஒரு ஊசி போடாமல், பதிவு முறையை மாற்றியே இந்த மாவட்டத்தின் வலியைக் குறைத்திருக்கிறோம்!"

ஊழியர்கள் கை தட்டினார்கள். நோயாளிகளுக்கு ஒரு கை கன்னத்தில் இருந்ததால் தட்ட முடியவில்லை.

"கடைசியாக ஒன்று. வலி என்பது ஒரு சொல். அந்தச் சொல்லை நினைத்தால் வலிக்கும். ஆகவே இங்கே அதைப் பயன்படுத்துவதில்லை. 'லேசான அசௌகரியம்'. எங்கே, எல்லாரும் சொல்லுங்கள்."

"லேசான அசௌகரியம்" என்றார்கள் நாற்பது பேரும், பல்லைக் கடிக்க முடியாமல்.

வெளியே வந்தபோது அந்த இளம் டாக்டர் பின்னாலேயே வந்தாள். பெயர் கவிநிலா. ரெண்டு மாத்திரை அட்டைகளை ஆராயியின் கையில் திணித்தாள்.

"உள்ள ஆறு சேர் காலியாத்தான் கெடக்குதும்மா. நான் பண்றதுக்குத் தயார். ஆனா உங்க சீட்ட காட்டினாத்தான் சேர்ல லைட்டு எரியும், மிஷின் ஓடும். சீட்டுல வலி நோ-னு இருந்தா ஒண்ணும் வேலை செய்யாது. சான்றிதழ் வாங்கிடுங்க, மொத ஆளா உங்களைப் பாக்கறேன்."

"அதுவரைக்கும் பல்லு தாங்குமாம்மா?"

கவிநிலா இன்னொரு மாத்திரை அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். அது ஆராயிக்குப் பிடிக்கவில்லை.

ரெண்டாவது வகுப்பில் முன் வரிசையில் கருப்பன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். செங்கம் பக்கத்து விவசாயி. அவர் கன்னத்தில் கை வைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததே ஆராயிக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"அதை ஏம்மா கேக்கறே" என்றார் அவர். "நான் பல்லுக்கே வரல. பட்டா மாத்தறதுக்கு மனு குடுக்க கலெக்டர் ஆபீசுக்கு வந்தவன். தெரியாம இங்க பூந்துட்டேன். அந்தப் பொட்டிகிட்ட, கலெக்டர் ஆபீசுக்கு வளி எதுன்னு கேட்டேன். வலின்னு எழுதிக்கிச்சு. ரெண்டு பேரு சக்கர நாற்காலியோட ஓடி வந்தாங்க. சொல்லச் சொல்லக் கேக்காம படுக்க வச்சு வேலைய முடிச்சிட்டாங்க. நல்ல பல்லும்மா, கரும்ப கடிச்சு உரிப்பேன் அதுல."

"மனு?"

"இன்னும் பையிலதான் இருக்குது. இன்னிக்கு இங்க வந்து நிக்கச் சொல்லிட்டாங்க."

அன்றைய வகுப்பில் இயக்குநர் கருப்பனையே எழுப்பி நிறுத்தினார். "இவரைப் பாருங்கள். உறுதியான பல். நோயின் அறிகுறியே இல்லை. அதில் செய்த வேர் சிகிச்சை முழு வெற்றி. நோயுள்ள பற்களில் செய்திருந்தால் நமக்கு இந்த வெற்றி விகிதம் கிடைத்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்!"

ஆராயி யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க அடிவயிறு பற்றி எரிந்தது. நோவில்லாதவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்கள், நோவுகிறவளுக்குப் பாடம் நடத்துகிறான்கள். இவன்கள் வாயில் மண்ணைப் போட.

மூன்றாவது வகுப்பு பௌர்ணமியன்று வந்தது. மாசிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆராயி தற்காலிக பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஜனத்தை எதிர்த்து நடந்தாள். வீங்கிய முகத்தைப் பார்த்து வேண்டுதல் என்று நினைத்து, வழியில் ஒருவர் அவள் கையில் அன்னதானப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டிக் கிடந்தது. 'பௌர்ணமியை முன்னிட்டு விடுமுறை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

அடுத்த வாரம் ரேவதி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு வகுப்புக்கு நீங்க வரலைன்னு காட்டுதும்மா. தொடர்ச்சி விட்டுப்போச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து உக்காரணும்."

"லீவு விட்டது நீங்க."

"ஆமாங்க. ஆனா வராதது நீங்கன்னுதானே காட்டுது."

ஆராயி அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். நோவு தாங்காமல் வந்த அழுகை பாதி, ஆத்திரத்தில் வந்தது மீதி. கிராம்பை அரைத்து அப்பியாகிவிட்டது, உப்புத் தண்ணீரில் கொப்புளித்தாகிவிட்டது, கவிநிலா கொடுத்த மாத்திரையும் தீர்ந்துவிட்டது. மண்டியில் அவள் இல்லாத வாரங்களில் ராஜேந்திரன் அந்த ஈர மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். அதன் கண்ணாடியில் சிவப்பாக எண் ஓடுவதை அவள் போன வாரம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

இருந்தாலும் விடவில்லை. மறுபடி முதல் வகுப்பு. மறுபடி முன்னுரை. "நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த" என்று இயக்குநர் எடுத்தால் "கூழ்" என்று ஆராயி முடித்தாள். அந்தப் பிளாஸ்டிக் பல்லின் மூடி இறுகிப்போய் ஒருநாளும் திறந்ததில்லை. உள்ளே என்ன இருக்கும் என்பதை இயக்குநரைவிட ஆராயி நன்றாகச் சொன்னாள்.

பங்குனியில் தேர்வு வந்தது. ஏழாவது கேள்வி, சிகிச்சையைத் தாமதித்தால் என்ன ஆகும்? ஆராயி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சீழ் பரவும், எலும்பு கரையும், பல் ஆடும், கடைசியில் பல்லே போய்விடும் என்று எழுதினாள். எழுதும்போதே நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தாள், ஆடியது. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். வேர் சிகிச்சை செய்துகொள்ளும்போது எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு மட்டும் 'நீங்க பண்ணாத்தானே எனக்குத் தெரியும்' என்று எழுதியதற்கு ரெண்டு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அப்படியும் அவள்தான் முதல்.

முதலாவது வந்தவளுக்குச் சான்றிதழைச் சும்மா கொடுத்துவிட முடியுமா? ஒன்பது நாள் கழித்து டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மையத்தைப் பார்வையிட வருகிறார், அவர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அந்த ஒன்பது நாளையும் ஆராயி கஞ்சி குடித்துக் கழித்தாள்.

விழா மேடையில் சிமெண்டுப் பல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள். டெல்லி அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. முகம் நிறையச் சிரிப்பு மட்டும் இருந்தது. ஆராயியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டால் 'லேசான அசௌகரியம்' என்று சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் ரேவதி மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அதிகாரி அவள் கன்னத்தைச் சுட்டிக்காட்டி, மைக்கை நீட்டி, "பெயின்? பெயின்?" என்று அன்பாகக் கேட்டார்.

பெயின் என்றால் என்ன என்று ஆராயிக்கு அந்த விரலைப் பார்த்தே புரிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்த சொல் வாய்வரை வந்தது. ஏழு வாரத்து ஆத்திரம் அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

"நோவுதுய்யா!" என்று கத்தினாள். "பகலெல்லாம் நோவுது! ராவெல்லாம் நோவுது! ஏழு வாரமா நோவுது!"

மைக் அலறியது. அதிகாரியின் கண்கள் விரிந்தன. "நோ! நோ! நோ! நோ!" என்று விரல் விட்டு எண்ணினார். "ஃபோர் டைம்ஸ் நோ!" என்று எழுந்து நின்று கை தட்டினார்.

கூட்டத்தில் இருந்த கீழ்பென்னாத்தூர், செங்கம், போளூர்க்காரர்கள் எல்லாருக்கும் அவள் சொன்னது புரிந்தது. டாக்டர் அறிவுச்செல்வனுக்கும் புரிந்தது, அவர் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்தான். ஒரு விநாடி அவர் முகம் வெளுத்தது. பிறகு மைக்கை வாங்கி, "மக்கள் தங்கள் சொந்த மொழியிலேயே மனம் திறந்து பேசுகிறார்கள். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்!" என்றார். மையத்துக்கு 'வலியில்லா நிறுவனம்' என்று ஒரு கேடயம் கிடைத்தது. ஆராயிக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் ஓட்டமாகத்தான் போனாள். கவிநிலா சொன்னபடியே காத்திருந்தாள். சான்றிதழைக் காட்டியதும் நாற்காலியில் லைட் எரிந்தது. "வாயைத் திறங்கம்மா" என்றாள். ஏழு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷப் பிறவி ஆராயியின் வாய்க்குள் பார்த்தது.

கவிநிலா படம் எடுத்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"பல்லு ரெண்டா பொளந்துருச்சும்மா. அடியில எலும்பும் கரைஞ்சிருக்குது. இதுல இனிமே வேர் சிகிச்சை பண்ண முடியாது." கழற்றிய கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டாள். "மொத நாளே இந்த லைட்டு எரிஞ்சிருந்தா முக்கால் மணி நேர வேலைம்மா இது."

"மொத நாளே சொன்னேனேம்மா, நோவுதுன்னு" என்றாள் ஆராயி.

கவிநிலா தலையைக் குனிந்துகொண்டாள். ஆராயிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் வர வேண்டும் என்றுதான் தெரியவில்லை. யாரைத் திட்டினாலும் அவர்களுக்குப் புரிகிறது, புரிகிறது என்றுதான் சொல்கிறார்கள்.

கவிநிலா மரத்துப்போக ஊசி போட்டுப் பிடித்து இழுத்ததும் பல் வந்துவிட்டது. ரெண்டு துண்டு. ஆராயி அதைக் கேட்டு வாங்கிப் பஞ்சில் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். கவிநிலா கம்ப்யூட்டரில் எழுதப் போனபோது அதில் 'பிடுங்கப்பட்டது' என்று குறிக்க இடமே இல்லை. பிடுங்க மாட்டோம் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறதே. இருந்த கட்டங்களில் தேடி, 'வேர் முழுமையாக அகற்றப்பட்டது' என்பதைத் தொட்டாள். பக்கத்தில் தானாகவே 'வெற்றி' என்று பச்சையாக விழுந்தது.

அப்போது பையில் போன் அடித்தது. ராஜேந்திரன்.

"ஆராயி, லோடு இன்னிக்கே வந்துருச்சு. மிஷின் வச்சுப் பாத்தேன், நல்லா காஞ்சிருக்குதுன்னு காட்டுது. எனக்கென்னவோ உள்ள ஈரமாத்தான் தெரியுது. விக்கறவன் மிஷினைக் காட்டிச் சாதிக்கறான். நீ வந்து ஒரே ஒரு கடி கடிச்சிட்டேன்னா முடிஞ்சிடும். எப்ப வரே?"

வாயில் பஞ்சு. "ம்" என்றாள். அவர் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார். ஆராயி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளி அவளை இவ்வளவு கெஞ்சிக் கூப்பிட்டதில்லை.

வெளியே போகும் வழியிலும் பல்லவி இருந்தது. சிரித்தது. பதில் சொன்னால்தான் கதவு திறக்கும்.

"சிகிச்சைக்கு நன்றி. தங்களுக்கு வலி உள்ளதா?"

உண்மையில் அப்போது அவளுக்கு நோவு இல்லை. பாதி முகம் மரத்திருந்தது. இந்தத் தடவை நோவுது என்று சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சை ஓரமாக ஒதுக்கி, மரத்த உதட்டைப் பாடுபட்டு அசைத்து, "இல்ல" என்று சொன்னாள். உதடு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, 'உள்ள' என்றுதான் வந்தது.

"உள்ளது. பதிவு செய்யப்பட்டது" என்றது பல்லவி. "கவலை வேண்டாம். தாங்கள் உடனடியாகக் கவனிக்கப்படுவீர்கள்."

எங்கேயோ மணி அடித்தது. 'வலியுள்ளோர்' கதவு படாரென்று திறந்தது. ரெண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். ஆராயி கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், ரேவதியைப் பார்த்தாள். ரேவதி எழுந்து நின்று, "எனக்குப் புரியுதும்மா!" என்று கத்தினாள். அதற்குள் நாற்காலி உருண்டுவிட்டது.

உள்ளே வேறொரு டாக்டர். வயதானவர், ஊர்க்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு லைட்டை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"பயப்படாத தாயி. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். எந்தப் பல்லு நோவுது?"

ஏழு வாரமாக அந்தக் கட்டடத்தில் யாராவது கேட்பார்களா என்று அவள் காத்துக் கிடந்த கேள்வி. அவளுடைய சொல்லிலேயே கேட்டுவிட்டார்.

ஆராயி வாயைத் திறக்கவில்லை. பஞ்சுச் சுருளை மூடி வைத்திருந்த கையை அவருக்கு முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினாள்.